கரியா, வாயுவா?
திறந்தவெளியில் சுட்டுச் சமைப்போருக்குச் சில குறிப்புகள்

உணவை நெருப்பில் நேராகக் காட்டிச் சுட்டு உண்பது சமையல் முறைகளுள் மிகப் பழமையானது. பானையும் சட்டியும் தோன்றுவதற்கு முன்னரே இம்முறை தோன்றியிருக்க வேண்டும். நம் வீடுகளில் இது இன்னும் மறைந்துவிடவில்லை. கொத்சுக்குக் கத்தரிக்காய் சுடுகிறோம், அப்பளம் சுடுகிறோம், சோளக்கதிரை வாட்டுகிறோம், கருவாட்டைத் தணலில் இட்டு எடுக்கிறோம். வட மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களுக்கு இதில் புதிய ஆர்வம் ஒன்றும் உண்டாகியிருக்கிறது. டில்லியிலும் சண்டிகரிலும் லக்னோவிலும் குளிர்காலம் வந்துவிட்டால், மொட்டை மாடியிலும் வீட்டின் பின்புறத்திலும் அடுப்பு மூட்டி, சுற்றி அமர்ந்து, பன்னீரும் கோழியும் மீனும் சுட்டு உண்பது அங்குள்ளோர் பலரின் வழக்கம். அண்டை வீட்டார் அழைக்கிறார்கள், நாமும் செல்கிறோம், அடுத்த ஆண்டு நம் வீட்டிலும் அவ்வாறு செய்யலாமே என்ற எண்ணம் பிறக்கிறது. கடைக்குச் சென்றால் ‘கிரில்’ என்றும் ‘பார்பெக்யூ’ என்றும் வழங்கும் கம்பித்தட்டு அடுப்புகள் இருவகையாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று கரியில் எரிவது. மற்றொன்று சமையல் வாயுவில் எரிவது. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது?

இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்று உண்டு. சுவை வேண்டுவோர் கரியையும், சௌகரியம் வேண்டுவோர் வாயுவையும் நாடலாம் என்பதே அது. இவ்விடையில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆனால் அது பாதி உண்மையே. சுவையில் உள்ள வேறுபாடு நாம் எண்ணுமளவுக்குப் பெரிதன்று. அடுப்பை வைக்கும் இடத்தினால் உண்டாகும் வேறுபாடோ நாம் எண்ணுவதைவிட மிகப் பெரிது. சில சமயங்களில் அது உயிரைப் பற்றியதாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே சுவையையும் செலவையும் முதலில் பார்த்துவிட்டு, பின்னர் இடத்தைப் பற்றி விரிவாகக் கவனிப்போம்.

சுவை எங்கிருந்து வருகிறது?

சுட்ட உணவின் மணத்துக்கும் சுவைக்கும் காரணங்கள் இரண்டு. முதலாவது, உணவின் மேற்பரப்பு சிவந்து முறுகுவது. ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும்போது, உணவிலுள்ள புரதச் சத்தின் கூறுகளும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிந்து நூற்றுக்கணக்கான புதிய மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி மெய்யார் என்பவரின் பெயராலேயே இவ்வினை வழங்குகிறது. கத்தரிக்காயின் தோல் கருகும் மணம், ரொட்டி சிவக்கும் மணம், தோசையின் ஓரம் முறுகும் மணம் ஆகியவற்றை நினைவுகூர்ந்தால் இவ்வகை மணங்கள் எத்தகையவை என்பது விளங்கும். இதற்கு வேண்டியது போதுமான வெப்பம் மட்டுமே. அது கரியிலிருந்து வருகிறதா, வாயுவிலிருந்து வருகிறதா என்பதை உணவு அறியாது.

இரண்டாவது காரணம், உணவிலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் ஆகும். இவை கீழேயுள்ள சூடான பரப்பில் விழுந்தவுடன் ஆவியாகி, மணமுள்ள புகையாய் எழுந்து மீண்டும் உணவின் மீதே படிகின்றன. தந்தூரில் சுட்ட கோழியின் தனிச் சுவைக்கு இதுவே பெருங்காரணம். கரி நன்றாகப் பற்றிக் கனிந்த பிறகு அதில் மரத்தின் மணம் மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கும்; ஏனெனில் மரத்தைக் கரியாக்கும்போதே மணம் தரும் பொருள்களிற் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. ஆகவே ‘கரியின் மணம்’ என்று நாம் போற்றுவது, பெரும்பாலும் கரியின் மேல் விழுந்து எரிந்த கொழுப்பின் மணமே. வாயு அடுப்புகளிலும் சுடர்களுக்கு மேலே உலோகப் பட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். சொட்டும் கொழுப்பு அவற்றில் விழுந்து ஆவியாகி, ஓரளவு அதே மணத்தைத் தருகிறது.

அப்படியானால் வேறுபாடே இல்லையா என்றால், உண்டு. கனிந்த கரி மிக உயர்ந்த வெப்பத்தைக் கதிர்களாக வீசுகிறது; அதன் அருகே வைத்த இறைச்சியும் மீனும் விரைவில் மேலே முறுகி உள்ளே பதமாக இருக்கும். வாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது. 1 கிலோ சமையல் வாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நீர், ஆவியாக வெளிப்படும். கரியில் இவ்வாறு உண்டாகும் நீராவி மிகக் குறைவு. அதன் வெப்பம் வறண்ட வெப்பம். அப்பளமும் ரொட்டியும் தணலில் மொறுமொறுப்பாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கத்தரிக்காய், குடமிளகாய், சோளக்கதிர், பன்னீர் போன்றவற்றைப் பத்துப் பதினைந்து நிமிஷங்களில் சுட்டெடுக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு உண்பவருக்கு இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. கொழுப்பு மிகுந்த இறைச்சியை மூடி வைத்து நெடுநேரம் சுடும்போதுதான் கரியின் மேன்மை தெளிவாகப் புலப்படும்.

வட இந்தியச் சமையலறைகளில் இதற்கு ஒரு நல்ல உபாயமும் இருக்கிறது. அதைத் ‘துங்கார்’ என்பார்கள். வாயுவில் சமைத்து முடித்த உணவின் நடுவே ஒரு சிறு கிண்ணத்தை வைத்து, நன்கு பற்றிய கரித்துண்டு ஒன்றை அதில் இட்டு, மேலே சிறிது நெய் விட்டு, உடனே பாத்திரத்தை மூடிவிடுகிறார்கள். ஐந்து நிமிஷங்களில் புகைமணம் உணவில் ஏறிவிடும். ஒரு துண்டுக் கரியால் இதைச் செய்ய முடிகிறதென்றால், சுவைக்காகவே இரண்டு கிலோ கரியை எரிக்கத்தான் வேண்டுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கரியை அறிந்து வாங்குதல்

கரி அடுப்பை விரும்புவோர் முதலில் கரியைச் சரியாகக் கேட்டு வாங்க அறிந்திருக்க வேண்டும். மொழி மாறிய இடத்தில் இது சிறு விஷயமன்று. இந்தியில் ‘கோயலா’ என்ற ஒரே சொல் அடுப்புக்கரியையும் குறிக்கும், நிலக்கரியையும் குறிக்கும். ஆகவே கடையில் ‘லகடீ கா கோயலா’, அதாவது மரக்கரி, என்று குறிப்பிட்டே கேட்க வேண்டும். ‘பத்தர் கா கோயலா’ என்பது நிலக்கரி. வங்காளத்தில் மரக்கரியைக் ‘காட் கொய்லா’ என்பர். கன்னடத்தில் ‘இத்திலு’ என்பர். நிலக்கரியில் கந்தகமும் வேறு பல பொருள்களும் கலந்திருக்கின்றன. அதன் புகை உணவின் மீது படியும்படி எக்காரணங் கொண்டும் சுடலாகாது.

மரக்கரியிலும் வகைகள் உண்டு. மரத்துண்டின் வடிவம் மாறாத கட்டைக்கரி விரைவில் பற்றும். வேகமாகவும் எரிந்து தீரும். கரித்தூளைப் பசையுடன் சேர்த்து அழுத்திச் செய்த கரிக்கட்டிகள் பற்றுவதற்கு நேரமாகும். ஆனால் சீராகவும் நெடுநேரமும் எரியும். தேங்காய்ச் சிரட்டைக் கரி புகை குறைந்தது, சூடு மிகுந்தது. நம் நாட்டில் எரியும் மரக்கரியில் ஒரு பகுதி தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்தே செல்கிறது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே காற்று அதிகம் புகாதபடி பல நாட்கள் கனியவிட்டுக் கரியாக்குகிறார்கள். இம்முறையில் 100 கிலோ விறகிலிருந்து ஏறத்தாழ 20 கிலோ கரிதான் கிடைக்கும். புகையிலும் சூட்டிலும் நிற்கும் தொழிலாளர்களின் உழைப்பு அது. டில்லியில் நாம் கையிலெடுக்கும் கரித்துண்டு நம் ஊர்ப்பக்கத்திலிருந்தே வந்ததாகவும் இருக்கலாம்.

கரியை மூட்டுவதற்கு மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவது கூடாது. உணவில் அதன் நாற்றம் ஏறும். தீ திடீரெனக் கிளம்பி உடையிலும் பற்றும். அடியில் காகிதத்தையும் சிறு சுள்ளிகளையும் வைத்து, கரியைக் கூம்பாகக் குவித்து, விசிறியால் வீசி மூட்டுவதே நல்லது. இருபது முதல் முப்பது நிமிஷங்கள் பொறுத்திருக்க வேண்டும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வதுண்டல்லவா? கரித்துண்டுகள் எல்லாம் வெண்சாம்பல் போர்த்து அவ்வாறு நீறு பூக்கும் நிலையே சுடுவதற்கேற்ற பதம். சுவாலை எழும்போது உணவை வைத்தால் வெளியே கருகும்; உள்ளே வேகாது. கம்பித்தட்டுக்குச் சற்று மேலே உள்ளங்கையைக் காட்டிப் பார்க்கலாம். இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் தாங்க முடியாவிட்டால் அது கடுஞ்சூடு. ஐந்தாறு விநாடிகள் தாங்கினால் நடுத்தரச் சூடு. கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தால் மறுபக்கம் இளஞ்சூடாக இருக்கும். முறுகியவற்றை அங்கே நகர்த்தி உள்ளே வேகவிடலாம். கொழுப்பு சொட்டித் தீ மேலெழுந்து உணவைக் கருக்கினால், கருகிய பகுதியை நீக்கிவிட்டு உண்ண வேண்டும். அத்தகைய கருகலிலும் புகையிலும் புற்றுநோயை விளைவிக்கக்கூடிய பொருள்கள் உண்டாவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

வாயுவின் சௌகரியமும் விதிகளும்

வாயு அடுப்பு பத்து நிமிஷங்களில் சூடேறிவிடும். திருகைத் திருப்பினால் தீ கூடும், குறையும். வேலை முடிந்தால் அணையும். சாம்பல் இல்லை; கரித்தூள் இல்லை. அலுவலகத்திலிருந்து மாலையில் திரும்பி இரவு உணவுக்குச் சுட விரும்புவோருக்கு இதனினும் ஏற்றது இல்லை. இரண்டு சுடர்கள் கொண்ட வீட்டளவான அடுப்பு, முழுத் தீயில் மணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ வாயுவை எரிக்கும். நாலைந்து பேருக்குக் கரியில் சுடுவதற்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ கரி வேண்டியிருக்கும். 1 கிலோ வாயு சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பமும், 1 கிலோ நல்ல கரி சுமார் 7,000 கிலோ கலோரி வெப்பமும் தரும். கரியை உணவு முடிந்தவுடன் அணைத்துவிட முடியாதாகையால், அதன் வெப்பத்தில் பெரும்பகுதி வீணாகிறது. தத்தம் ஊர் விலையை இவ்வளவுகளோடு பெருக்கிப் பார்த்தால் செலவு தெரிந்துவிடும். கரி அடுப்பின் விலை குறைவு, வாயு அடுப்பின் விலை அதிகம் என்பதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டுமே சுடுவோருக்கு விலையுயர்ந்த கருவி வீண்.

வாயுவைக் கையாள்வதில் நினைவிற் கொள்ள வேண்டியவை சில. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரிலுள்ள வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே செல்லாது. தரையோடு பரவித் தாழ்ந்த இடங்களில் தங்கும். ஆகவே நிலவறையிலும் பள்ளமான இடத்திலும் இதனை உபயோகிக்கலாகாது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பின் வெப்பம் படாத தூரத்தில் இருக்க வேண்டும். இந்தியத் தர முத்திரை பெற்ற ரப்பர்க் குழாயையே பொருத்தி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கருவியை, இங்குள்ள அழுத்தச் சீராக்கிக்குப் பொருந்துமா என்று வாயு விநியோகஸ்தரிடம் கேட்டறியாமல் இணைக்கலாகாது. வாயுவுக்கு இயற்கையில் மணமில்லை. கசிவை நாம் அறிவதற்காகவே துர்நாற்றமுள்ள பொருளொன்றைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் எழுந்தால் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. மின்சார ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அறையும் காற்றும்

இனி, மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் குமுட்டி அடுப்பு இல்லாத வீடு ஒரு காலத்தில் அரிது. காப்பி போட்டதும் பால் காய்ச்சியதும் அதில்தான். அதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாக நாம் கேள்விப்பட்டது குறைவு. அதற்குக் காரணம் கரியின் நற்குணமன்று. நம் வீடுகளின் அமைப்பே ஆகும். முற்றமும் தாழ்வாரமும், ஓட்டுக் கூரையின் இடுக்குகளும், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஜன்னல்களும் காற்றை உள்ளும் புறமும் நடமாட விட்டன. வடக்கே வந்தபின் நாம் புதிதாகக் கற்றுக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. அதுவே குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் இறுகச் சாத்தி, இடுக்குகளில் துணியை அடைப்பது. அதே அடுப்பு, அதே கரி. ஆனால் இப்போது காற்றில்லாத அறை.

கரி போதிய பிராணவாயு கிடைத்து எரிந்தால் கரியமிலவாயு உண்டாகும். பிராணவாயு போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு மிகுதியாக உண்டாகும். தணல் எப்போதும் இந்த நஞ்சை ஓரளவு வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணையும் கரிக்காது, இருமலையும் உண்டாக்காது. புகை அடங்கிவிட்டது, இனி அபாயமில்லை என்று நாம் கருதும் நீறு பூத்த நிலையிலேயே அது வந்துகொண்டிருக்கும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் இந்த நஞ்சைப் பற்றிக்கொள்கிறது. அதனால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடல் பிராணவாயுவின்றித் தவிக்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், கிறக்கம், உறக்கம். உறங்குபவர் விழிப்பதில்லை.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியப் பத்திரிகைகளில் இத்தகைய செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அறைக்குள் அங்கீட்டியை மூட்டி வைத்துக்கொண்டு உறங்கிய குடும்பம் காலையில் எழவில்லை என்று படிக்கிறோம். அங்கீட்டி என்பது நம் குமுட்டி அடுப்பின் உறவே. மாடியில் சுட்டு உண்டு மகிழ்ந்தபின், ‘இவ்வளவு நல்ல தணலை வீணாக்குவானேன், குழந்தைகள் குளிர் காயட்டும்’ என்று அதை அறைக்குள் எடுத்துவரத் தோன்றும். அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் ஒருபோதும் அவ்வாறு செய்யலாகாது. ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தாற் போதும் என்ற எண்ணமும் தவறானது. கூரையும் மூன்று பக்கச் சுவர்களும் கொண்ட, கண்ணாடி அடைத்த பால்கனியும் அறையைப் போன்றதே. வாயு கிரில்லும் வெளியிடத்துக்காகச் செய்யப்பட்டதுதான். காற்றோட்டமில்லாத இடத்தில் அதன் சுடரும் இதே நஞ்சை வெளியிடும். ஆகவே எவ்வகை கிரில்லாயினும் வீட்டுக்குள் மூட்டக் கூடாது.

எவருக்கேனும் இத்தகைய மயக்கம் கண்டால், உடனே திறந்தவெளிக்குக் கொண்டுவந்து, 112 என்ற எண்ணுக்குத் தெரிவித்து, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். தெளிந்துவிட்டது போலத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

எஞ்சிய தணலை மண்ணால் மூடியோ, மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் இட்டோ அவிக்க வேண்டும். சாம்பல் ஆறிவிட்டது போலிருந்தாலும் உள்ளே கங்கு ஒளிந்திருக்கும். இரண்டு நாட்களாவது வெளியே வைத்திருந்து, பிறகே குப்பையில் சேர்க்கலாம்.

அண்டை வீட்டாரும் நகரின் காற்றும்

திறந்தவெளியில் சுடும்போதும் ஒரு கடமை இருக்கிறது. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதன்மேல் வெப்பமான காற்று மூடிபோல் கவிந்திருக்கும். அதனால் புகை மேலே சென்று கலைவதில்லை. வட இந்தியாவில் சுட்டுண்பதற்கு இன்பமான பருவமே, காற்று மிகக் கெட்டிருக்கும் பருவமாகவும் அமைந்துவிடுகிறது. டில்லியிலும் அதைச் சூழ்ந்த தலைநகர்ப் பகுதியிலும், காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டும்போது ஹோட்டல்களிலும் திறந்தவெளி உணவகங்களிலும் தந்தூருக்குக் கரியும் விறகும் எரிப்பதைத் தடுக்கும் விதி, படிநிலைச் செயல் திட்டத்தில் சேர்க்கப்பட்டது இதனாலேதான். மும்பையிலும் விறகையும் கரியையும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதங்களுக்குள் வாயு முதலிய தூய எரிபொருளுக்கு மாற வேண்டுமென்று 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இவை வியாபாரத்தைக் குறித்த விதிகள் எனினும், அவற்றின் நோக்கம் வீட்டாருக்கும் பொருந்தும். காற்று கெட்டிருக்கும் நாளில் கரி மூட்டாதிருப்பது, மேல்மாடியில் இருக்கும் ஆஸ்துமா நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் நாம் செய்யும் உபகாரம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர் சங்கத்தின் விதிகளை முன்னதாகவே கேட்டறிவதும், புலால் உண்ணாத அண்டை வீட்டாரின் உணர்ச்சியை மதித்து இடமும் நேரமும் தேர்வதும் நல்லுறவுக்கு உதவும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இதுவரை கூறியவற்றிலிருந்து முடிவு தானே விளங்கும். சொந்தத் தோட்டமோ, நாற்புறமும் திறந்த மொட்டை மாடியோ இருந்து, விடுமுறை நாளில் நிதானமாகச் சுடும் நேரமும் இருந்தால், மரக்கரியை வாங்குங்கள். அதன் சுவைக்கு இணையில்லை. இடம் திறந்ததாயினும் நேரம் குறைவானவர்களுக்கும், அடிக்கடி சுடுகிறவர்களுக்கும், புகையால் அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு நேருமிடத்தில் இருப்பவர்களுக்கும் வாயுவே ஏற்றது. அடைத்த பால்கனியும் அறையுமே இருப்பிடமாக அமைந்தவர்கள் இவ்விரண்டையும் விட்டு, சமையலறை அடுப்பிலோ மின்சார கிரில்லிலோ சுட்டுக்கொண்டு, மணம் வேண்டுமானால் ஒரு துண்டுக் கரியைக் கொண்டு துங்கார் செய்யலாம். அதையும் ஜன்னலைத் திறந்து வைத்தே செய்து, முடிந்ததும் அத்துண்டை வெளியே கொண்டுபோய் அவித்துவிட வேண்டும்.

புதிதாக ஊரிலிருந்து வந்து, முதற் குளிர்காலத்தை வடக்கே கழிக்கும் தமிழ்க் குடும்பங்களும் மாணவர்களும் உங்கள் பகுதியில் இருக்கக்கூடும். எந்த அடுப்பு நல்லது என்பதை அவர்கள் காலப்போக்கில் தாமே கற்றுக்கொள்வார்கள். ஆனால் தணலை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கக் கூடாது என்ற ஒன்றை மட்டும் குளிர் தொடங்குமுன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.